குனியாமல் ஒரு கீரைப் பாத்தி

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், அம்மையார் ஒருவர் எமது இயன்முறை மருத்துவப் பிரிவில் கேட்டார்: "இனிமேல் கீரைப் பாத்திப் பக்கமே போகக் கூடாதா, தம்பி?" தரையில் குந்துவதையும் மண்டியிடுவதையும் தவிர்க்குமாறு அவரிடம் கூறியிருந்தோம். பல்லாண்டுகள் கொல்லையில் குந்தியிருந்து களை பறித்தவருக்கு, தோட்டத்தையே விட்டுவிடச் சொன்னதாக அது ஒலித்திருக்கிறது. விட வேண்டியதில்லை. உடலை மண்ணளவுக்குத் தாழ்த்த இயலாதபோது, மண்ணைக் கையளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். அன்று அவருக்கு விளக்கியதையே இங்கு எழுதுகிறோம்.

உயரமும் எடையும்

நின்று வேலை செய்வோருக்கு மண்ணின் மேற்பரப்பு இடுப்பளவில், ஏறத்தாழ 3 அடி உயரத்தில் இருத்தல் நன்று. சக்கர நாற்காலியில் அமர்ந்து செய்வோருக்கு மேசை போன்று கால்களுள்ள தொட்டி ஏற்றது. முழங்கால்கள் நுழைய அதன் அடியில் 27 அங்குல வெற்றிடம் வேண்டும். அதற்கு மேல் 6 முதல் 8 அங்குல ஆழம் இருந்தால் கீரை வகைகளுக்குப் போதும். சுவரோரம் வைக்கும் தொட்டி 2 அடி அகலத்தையும், இருபுறமும் கை எட்டும் தொட்டி 4 அடி அகலத்தையும் தாண்டக் கூடாது. எட்டிப் பறிப்பதும் முதுகைக் குனிப்பதே ஆகும்.

நனைந்த தோட்ட மண் ஒரு கன அடி ஏறத்தாழ 45 கிலோ எடையுள்ளது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 1 அடி ஆழமுள்ள தொட்டியில் அதை மட்டும் நிரப்பினால் 350 கிலோவைத் தாண்டும். ஆகவே செம்மண், கழுவிய தேங்காய் நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். மொட்டை மாடியில் வைப்பதாயின் எந்த இடம் எடை தாங்கும் எனக் கட்டடப் பொறியாளரிடம் கேட்டறிந்த பின்னரே வையுங்கள்.

எதை முதலில் விதைப்பது?

நோயிலிருந்து மீள்வோருக்கு விரைவில் பலன் தரும் பயிரே ஊக்கமளிக்கும். முளைக்கீரையும் வெந்தயக்கீரையும் மூன்று, நான்கு வாரங்களில் பறிக்கத் தயாராகும். அரைக்கீரையை அடிவிட்டு அரிந்தால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். முள்ளங்கி 45 நாட்களில் கிடைக்கும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு ஓரடிக்குக் குறையாத ஆழம் தேவை. அவற்றை இரண்டாம் பருவத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

யார், எதில் கவனம் கொள்ள வேண்டும்?

அறுவை சிகிச்சைப் புண் முழுவதும் ஆறி, மருத்துவர் இசைவு தரும் வரை மண்ணைத் தொட வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் மறு தவணை பற்றிக் கேளுங்கள்.

நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் தோட்டத்தில் நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் தைத்த முள் வலிக்காது. புண்ணாகிய பின்னரே தெரியவரும். கையுறை அணியுங்கள், வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்துப் பாருங்கள்.

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர், தோட்டம் தழைத்துவிட்டது என்பதற்காகக் கீரையைத் திடீரெனக் கூட்டக் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் செயலைக் குறைக்கும். கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் உண்ணும் அளவு ஒரே சீராக இருத்தல் வேண்டும்.

சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரையிலும் தக்காளியிலும் உள்ள பொட்டாசியம் தீங்காகலாம். எதை, எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டுவிட்டு விதையுங்கள். மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும்.

உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோரும் மண்ணையும் மட்கு உரத்தையும் கையாள வேண்டாம். உரத்திலுள்ள பூஞ்சை, எதிர்ப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலைத் தாக்கக்கூடும். பச்சைக் காய்கறியும் அவர்களுக்கு மருத்துவரைக் கேட்ட பின்னரே. குடும்பத்தார் பயிரிட, அவர் அருகிருந்து யோசனை சொல்லலாம்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தெளிந்த நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

அன்பின் மிகுதியால், "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வேலை முழுவதையும் வாங்கிக்கொள்ளும் வீடுகளை நாம் அறிவோம். உர மூட்டை தூக்குவதையும் குடத்தில் நீர் சுமப்பதையும் நீங்கள் செய்யுங்கள். விதைப்பதையும் களை எடுப்பதையும் கீரை பறிப்பதையும் இயன்றவரை அவருக்கே விட்டுவிடுங்கள். வெயில் ஏறுமுன் காலையில் பதினைந்து நிமிடம் தொட்டியருகே நிற்பதும், விரல்களை மடக்கி நீட்டுவதும் நாம் பரிந்துரைக்கும் பயிற்சிகளுக்குத் துணை செய்யும். தள்ளாட்டம் உள்ளவருக்கு அருகில் கைப்பிடியும், ஓய்வுக்கு ஒரு நாற்காலியும் இருக்கட்டும்.

ஒரே ஒரு தொட்டியுடன் தொடங்குங்கள். அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, எதை விதைக்க எண்ணுகிறீர்கள் என்பதையும் மருந்துச் சீட்டோடு சேர்த்து எம்மிடம் சொல்லுங்கள். உங்கள் உடலுக்கு அது பொருந்துமா என்பதைச் சேர்ந்தே பார்ப்போம்.