கவலையின் கணக்கு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில், மின்மோட்டார் வருவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது கவலை. கிணற்று மேட்டில் இரண்டு கால்கள், நடுவே உருளை, உருளைமேல் வடம். வடத்தின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால், மறுமுனையில் நுகத்தடி. மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலேறும்.

இதில் அசையாமல் நின்று பாரம் தாங்கும் கால்கள் சட்டகம். விசையை ஓரிடத்தில் வாங்கி, வேறு திசையில் வேறிடத்தில் கொடுக்கும் உருளையும் வடமும் எந்திரம். இரண்டுக்கும் கணக்குப் போடும் வழி ஒன்றுதான்: பாகங்களைத் தாளில் கழற்றி, ஒவ்வொன்றின் மீதும் விழும் விசைகளைத் தனித்தனியே வரைவது. முழுதாகப் பார்க்கும்போது உருளையின் அச்சு தாங்கும் விசை கண்ணுக்கே படாது; உள்ளுக்குள்ளேயே ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கழற்றினால் வெளியே வரும். ஒரு பாகம் அடுத்ததைத் தள்ளினால், அதுவும் அதே அளவில் எதிர்த்துத் தள்ளும் என்பது நியூட்டன் 1687-இல் வெளியிட்ட மூன்றாம் விதி. சமநிலையில் இருக்கும் எந்தப் பாகத்திலும் இடவல விசைகளின் கூட்டு சுழி, மேல்கீழ் விசைகளின் கூட்டு சுழி, எந்தப் புள்ளியைச் சுற்றியும் திருப்புத்திறன்களின் கூட்டு சுழி.

பாக்குவெட்டியில் இதை எளிதாகப் பார்க்கலாம். கீலிலிருந்து 2.5 செ.மீ. தொலைவில் பாக்கு, 12.5 செ.மீ. தொலைவில் கை என்று கொள்வோம். கை 60 நியூட்டன் அழுத்துகிறது. மேல்தண்டை மட்டும் தனியே வரைந்து கீலைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால், 60-ஐ 12.5-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுக்க, பாக்கின்மேல் 300 நியூட்டன். அந்த 300 தண்டை மேலே தள்ளுகிறது. கை கீழே தருவது 60தான். மீதி 240-ஐத் தருவது கீல். கையைப் போல நான்கு மடங்கு! பழைய பாக்குவெட்டியில் முதலில் கீல் ஆட்டம் காண்பதில் வியப்பில்லை.

கவலையிலும் இதே கதை, கொஞ்சம் பெரிய அளவில். தண்ணீரோடு சால் 100 கிலோ என்றால் வடத்தின் இழுவை ஏறத்தாழ 1000 நியூட்டன். உராய்வையும் சாலின் அடியிலுள்ள தோல்வாலைப் பிடித்திருக்கும் சிறு கயிற்றையும் ஒதுக்கிவிட்டால், உருளையின் இரு பக்கமும் அதே இழுவைதான். கிணற்றுப் பக்கம் வடம் நேர்கீழாக இழுக்கிறது. மாட்டுப் பக்கம் கிடைமட்டத்துக்கு 30 பாகை கீழ்நோக்கி இழுக்கிறது என்று கொள்வோம். அச்சின்மேல் மொத்தம் கீழ்நோக்கி 1500, மாட்டுப் பக்கமாக 866. இரண்டின் விளைவு சுமார் 1732 நியூட்டன். வடம் தாங்குவதைவிட அச்சு தாங்குவது அதிகம்.

அந்த 866-தான் கால்களைச் சாய்க்கப் பார்ப்பது. இரு கால்களும் சமமாகப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 433. உருளை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒவ்வொரு காலின் அடியிலும் சுமார் 650 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன். காலை ஆழமாகப் புதைக்க வேண்டும், அல்லது மாட்டுப் பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுத்ததும் பெரும்பாலான சுமை முட்டின் நீளவாக்கில் அழுத்தமாக இறங்கிவிடுகிறது. வளைவைவிட அழுத்தத்தை மரம் நன்றாகத் தாங்கும்.

அசையும் பொருளுக்குச் சமநிலைக் கணக்கு பொருந்துமா? சீரான வேகத்தில் நேராகப் போனால் பொருந்தும். மாட்டின் நடை அப்படிப்பட்டதுதான். சால் கிளம்பும் முதல் இழுப்பில் மட்டும் விசை கூடும். அதற்குத் தனியாக வலு விட்டுவைக்க வேண்டும்.

கவலை போய் மின்மோட்டார் வந்தது; கிணற்றை ஆழப்படுத்தக் கிரேனும் வந்துவிட்டது. கம்பிவடம் உருளையில் திரும்பி, கிரேனின் நீண்ட கையை ஒட்டி வடம் சுற்றும் சக்கரத்துக்கு இறங்குகிறது. இங்கும் வடத்தைவிட உருளையின் அச்சுக்கே சுமை அதிகம். ஆள் இறங்குமுன் வடத்தைச் சோதிப்பவர்கள் அச்சையும் சோதிக்க வேண்டும்.