கலப்பு வேறு, கலப்படம் வேறு

கிள்ளானில் இருக்கும் என் மாமா லேபிளைப் படிக்காமல் எதையும் தொட மாட்டார். போன தீபாவளிக்கு யாரோ கொடுத்த சிவப்பு ஒயின் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதுல ரெண்டு திராட்சை பேரு போட்டிருக்கே, கலப்படமா?” என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். கலப்பு என்றாலே நமக்குச் சந்தேகம். ஆனால் ஜாலான் தெங்கு கிளானாவில் மசாலாத்தூள் வாங்கும்போது, மல்லி, மிளகாய், சீரகம் கலந்திருக்கிறதே என்று யாரும் சண்டை போடுவதில்லை. மிளகாய் காரம் தரும். மல்லி குழம்புக்குக் கெட்டி தரும். ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது. வெயில் ஊர் ஒயினிலும் அதே கதைதான்.

திராட்சை வெயிலில் பழுக்கப் பழுக்க இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கும். அந்த இனிப்பைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. அதனால் வெயில் மிகுந்த ஊரின் ஒயினுக்கு வலு கூடும். புளிப்பு போதாமல் சப்பென்றும் ஆகிவிடலாம். இதைச் சமன் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட திராட்சையைச் சேர்க்கிறார்கள்.

தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கைப் பாருங்கள். அங்கே கிரனாஷ், ஷிராஸ், மூர்வெத்ர் மூன்றையும் சேர்த்தால் லேபிளில் ‘ஜி.எஸ்.எம்.’ என்று இருக்கும். கிரனாஷ் பழச்சுவை தரும், ஆனால் நிறம் குறைவு. ஷிராஸ் நிறமும் மிளகு வாசமும் தரும். மூர்வெத்ர் துவர்ப்பைச் சேர்க்கும். ஆஸ்திரேலியச் சட்டப்படி, அளவில் அதிகமான திராட்சையின் பெயர்தான் முதலில் வர வேண்டும். ஒரே பெயர் போட்டிருந்தால் அந்தத் திராட்சை குறைந்தது 85 விழுக்காடு இருக்க வேண்டும். அதாவது, ஒற்றைப் பெயர் பாட்டிலிலும் கொஞ்சம் கலப்பு இருக்கலாம்!

இந்தியாவிலும் இது உண்டு. பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பகுதியில் 1988இல் தொடங்கிய குரோவர் நிறுவனத்தின் ‘லா ரிசர்வ்’, கேபர்னே சாவிஞானும் ஷிராஸும் சேர்ந்தது. அந்த இடம் ஏறக்குறைய சென்னைக்கு நேர் மேற்கே. ஆனாலும் மேட்டுநிலம் என்பதால் இரவில் குளிரும். புளிப்பு ஓரளவு தங்கும். ஐரோப்பாவைப் போல அங்கே கொடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, மழையில்லாத மாதங்களில் ஒரே அறுவடை எடுக்கிறார்கள்.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறச் சொல்வார்கள். அது குளிர்நாட்டு அறை. நம் ஊரில் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். வலுவான ஒயின் காரத்தை இன்னும் தூக்கிக் காட்டும். மட்டன் பிரட்டலுக்கு மிளகாயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

லேபிளில் பெயரைவிட முக்கியமானது ஓர் எண். வெயில் ஊர் சிவப்பு ஒயினில் ஆல்கஹால் 14.5 விழுக்காடு வரை இருப்பது சாதாரணம். 150 மில்லிலிட்டர் கிளாஸில் சுமார் 22 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால். 5 விழுக்காடு பீர், 320 மில்லிலிட்டர் கேனில் 16 மில்லிலிட்டர்தான். “ஒயின்தானே, ஜூஸ் மாதிரி” என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 2020 அக்டோபர் முதல் நம் நாட்டில் வாகனமோட்டிகளுக்கான வரம்பு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் விருந்தா? காரை வீட்டிலேயே விடுங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் இருக்கிறது.

லேபிளில் இரண்டு பெயர் இருந்தால் பயம் வேண்டாம். எங்கிருந்து வந்ததென்று தெரியாத மலிவு பாட்டிலுக்குத்தான் பயப்பட வேண்டும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பெயர்தான் கலப்படம்.