நித்தியகல்யாணி தந்த மருந்து

தாய்மார்களே, சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்னும் ஊசிமருந்து கிடைக்கிறது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து. (அதற்காக இலையை அவித்துக் கொடுத்துவிடாதீர்கள், நஞ்சு!)

எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள், தேயிலைக்குள் களை மண்டுவதுபோலப் பெருகி, நல்ல அணுக்களை நெருக்கிவிடுவதே இந்நோய். பிள்ளை வெளுக்கும், காய்ச்சல் விடாது, அடிபடாமலே உடம்பு கன்றும். வேறு நோயாலும் இவை வரலாம். ஆயினும் கம்போங் ராஜாவில் காத்திராமல், தானா ராத்தா மருத்துவமனையில் இரத்தம் சோதித்துவிட வேண்டும்.

மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பிள்ளை தேறி ஓடியாடும். நாம் ஏமாறும் இடம் அதுதான். ஒளிந்திருக்கும் நோயணுக்கள் மறுபடி பெருகும் என்பதால், சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டு நீளும், பாதியில் நிறுத்தலாகாது. விடுபட்ட பாடத்தை ஆசிரியர்கள் நாங்கள் வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிறோம்.