கை தட்டினது குத்தமா, சார்?

ஆபீஸ் வேலையாக லண்டன் போயிருந்தபோது, ஓசி டிக்கெட்டில் ஒரு பழங்கால இசைக் கச்சேரிக்குப் போனேன். மொஸார்ட் காலத்து வாத்தியங்களிலேயே மொஸார்ட்டை வாசித்தார்கள். முதல் பகுதி முடிந்தது. பிரமாதம்! படபடவென்று கை தட்டிவிட்டேன். பக்கத்து ஸீட் பையனும் தட்டினான். மொத்த ஹாலும் திரும்பி முறைத்தது! பரீட்சையில் பிட்டோடு மாட்டிக்கொண்ட மாதிரி கூனிக் குறுகிப் போனோம். எல்லாப் பகுதியும் முடிந்த பிறகுதான் தட்டணுமாம். மேடையில் இருந்தவர்களோ ஒரு வார்த்தை பேசவில்லை. இடைவேளைக்குப் பிறகு அந்தப் பையனின் ஸீட் காலி.

ஊருக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினால்... கதையே வேறு!

1778-ல் பாரிஸில் தன் புது சிம்பனி அரங்கேறியதைப் பற்றி மொஸார்ட் அப்பாவுக்கு லெட்டர் போட்டிருக்கிறார். ஜனங்கள் சொக்கிப் போவார்கள் என்று தெரிந்தே ஓர் இடத்தை எழுதினாராம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே கைதட்டல்! அதே இடத்தைக் கடைசியில் இன்னொரு தரம் வைத்திருந்தார். முடிந்ததும் குஷியில் நேரே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம்.

பாக் மட்டும் என்ன? 1729 முதல் லைப்ஸிக் நகரில் அவர் நடத்திய குழு வாசித்த இடம், ஒரு காபிக் கடை!

அதற்காக விசிலடிக்கச் சொல்லவில்லை. வித்வான்கள் கொஞ்சம் வாயைத் திறந்தால் போதும். 'லூட்' என்கிற தந்தி வாத்தியத்துக்கு அடிக்கடி சுருதி சேர்க்கணும். எண்பது வயசு லூட் வித்வான் அறுபது வருஷத்தை அதிலேயே கழித்திருப்பார் என்று மத்தேசன் என்கிற ஜெர்மானியர் 1713-லேயே கிண்டலடித்தார். அந்த நேரத்தில், 'இது டான்ஸுக்குப் போட்ட மெட்டு, தாராளமா கால்ல தாளம் போடுங்க' என்று சொல்லலாமே!

இங்கிலாந்தின் டேவிட் மன்ரோ அதைத்தான் செய்தார். 1967-ல் பழைய இசைக்காகவே குழு ஆரம்பித்தவர். குடைப்பிடி மாதிரி வளைந்த 'க்ரம்ஹார்ன்' ஊதுவார். 1971-லிருந்து பி.பி.சி. ரேடியோவில் 655 நிகழ்ச்சிகள்! சின்னப் பசங்களுக்கும் புரிகிற மாதிரி பேசிப் பேசியே ஆட்களைச் சேர்த்தார். 1976-ல், 33 வயசில் போய்விட்டார்.

மறு வருஷம் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில், அவர் குழு வாசித்த பழைய டான்ஸ் மெட்டு ஒன்றும் போயிருக்கிறது. என்றைக்காவது ஒரு வேற்றுக்கிரகவாசி அதைக் கேட்டு, நடுவில் கை தட்டினால்...

தயவுசெய்து யாரும் முறைக்காதீங்க சார்!