கீரையும் புள்ளியும்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ‘பல’ என்று ஏட்டில் காணப்படின், அது வாயிலுள்ள பல்லோ, பன்மையைக் குறிக்கும் பல என்னும் சொல்லோ என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்கு முன், ஏடுகள் பலவற்றைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். ஒரு புள்ளியால் பொருள் மாறும் என்பதைப் பதிப்பாசிரியர் நன்கு அறிவர். மாணவர்களே! உணவைப் பற்றி எழுதுவோர்க்கும் இவ்விழிப்பு இன்றியமையாதது. இதனை ஒரு கீரையின் வரலாறு நமக்குக் காட்டும்.

மேனாட்டார் ஸ்பினாச் என்றும், நம் கடைக்காரர் பாலக் என்றும் வழங்கும் கீரையில் இரும்புச்சத்து மிக மிகுதி என்று நெடுங்காலம் மக்கள் நம்பி வந்தனர். பின்னர் அந்நம்பிக்கைக்கு மறுப்பாக ஒரு கதை எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார்; அதனால் கீரையின் இரும்புச்சத்து பத்து மடங்காகத் தோன்றிற்று என்பதே அக்கதை. ஹாம்ப்ளின் என்னும் மருத்துவர் 1981 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதனை எழுதினார். கேட்கச் சுவையாக இருந்தமையின் பலரும் இதனை எடுத்தெழுதினர்.

பின்னர் இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர் மைக் சட்டன் என்பவர் இக்கதையின் மூலத்தைத் தேடிச் சென்றார். புள்ளி இடம் மாறியதற்குச் சான்று யாதும் கிடைக்கவில்லை என்று 2010 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். என்னே வியப்பு! பிழையைத் திருத்தப் புகுந்த கதையே சான்றற்றதாயிற்று. முன்னையோர் மூலத்தைப் பாராமல் கீரையைப் புகழ்ந்தனர். பின்னையோர் மூலத்தைப் பாராமல் புள்ளியைப் பழித்தனர். இருசாரார் குற்றமும் ஒன்றே.

உண்மைதான் யாது? 100 கிராம் பச்சைப் பாலக் கீரையில் உள்ள இரும்புச்சத்து ஏறத்தாழ 3 மில்லிகிராம். அக்கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். நீர் முற்றும் வற்ற உலர்த்திப் பொடியாக்கினால், 100 கிராம் பொடியில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் காணப்படும். பத்து மடங்கு வேறுபாடு தோன்றப் புள்ளி இடம் மாற வேண்டுவதில்லை. கீரை உலர்ந்தாலே போதும். பச்சையா, உலர்ந்ததா என்று சொல்லாத எண் மெய்யெண்ணாயினும் பொய்யுரைக்கும்.

இதனை யான் நூலில் மட்டும் கற்றிலேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு மாத இதழுக்கு மெய்ப்புத் திருத்தி வந்தேன். ஒரு முறை, ‘கீரையில் 100 கிராமுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு, இரத்தசோகைக்கு இஃதொன்றே போதும்’ என்னும் குறிப்பு வந்தது. வல்லெழுத்து மிக வேண்டிய ஓரிடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது, அதனைச் சேர்த்தேன். அவ்வெண் எங்கிருந்து வந்தது என்று கேட்டிலேன். எங்கள் தெருவில் கருவுற்றிருந்த பெண்ணொருத்தி அக்குறிப்பைப் படித்து, மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். சில வாரங்களில் படியேறவும் மூச்சு வாங்கிற்று. மருத்துவர் உரிய காலத்தில் கண்டறிந்தமையால் தாயும் சேயும் பிழைத்தனர். “அச்சிலே இருந்ததே, ஐயா!” என்று அவள் என்னிடம் சொன்ன சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. அவ்விதழில் திருத்தம் வெளிவரவில்லை, யானும் வற்புறுத்தவில்லை.

ஆதலின், உணவுக் கட்டுரையை வெளியிடுவோர் கைக்கொள்ளத் தக்க நெறிகள் சிலவற்றை ஈண்டுக் கூறுவேன். முதலாவது, எண்ணை அதன் மூலத்திலேயே காண்டல். இதற்கு நம் நாட்டில் நல்ல துணை உண்டு. 1918 ஆம் ஆண்டில் குன்னூரில் மக்கரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம், 1958 இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து அந்நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் அட்டவணைகளை வெளியிட்டுள்ளது. அவற்றை நோக்காது ‘அறிஞர் கூறுகின்றனர்’ என்று எழுதுதல் தகாது.

இரண்டாவது, அளவையும் நிலையையும் சொல்லுதல். பச்சையா, உலர்ந்ததா, சமைத்ததா? 100 கிராமுக்கா, ஒருவர் ஒரு வேளை உண்ணும் அளவுக்கா? மூன்றாவது, உணவில் உள்ளது வேறு, உடல் ஏற்பது வேறு என்பதை மறவாமை. கீரையின் இரும்புச்சத்தில் ஒரு சிறு பகுதியையே உடல் ஏற்கும். நெல்லிக்கனியும் எலுமிச்சையும் உடன் சேரின் அப்பகுதி மிகும்; உணவோடு தேநீர் பருகின் குறையும். நான்காவது, சான்றின் வலிமையை அளந்து கூறுதல். எலிகளிடம் கண்டதை மக்களுக்கும் மெய்யென்று முடிவு கட்டலாகாது. ஒரு பொருளை விற்பவரே அதன் ஆய்வுக்குப் பணம் கொடுத்திருப்பின், அச்செய்தியைப் படிப்பவர்க்கு மறையாது உரைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, துறை வல்லாரிடம் காட்டுதல். மொழி வல்லார் ஒற்றைத் திருத்துவர்; உணவியல் வல்லாரே எண்ணைத் திருத்துவர். உணவு மருந்துக்குத் துணையாகலாம். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தச் சொல்லும் வரி எதுவும் அச்சேறலாகாது. ஆறாவது, பிழை நேர்ந்தால் நாணாது ஒப்புக்கொண்டு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுதல். பழம்பதிப்புகளில் பிழைதிருத்தம் என்று ஒரு பக்கம் இருக்கக் காண்பீர்கள். அது நூலுக்கு இழுக்கன்று. நூலாசிரியர் படிப்பவரை மதித்தார் என்பதற்கு அடையாளம்.

உங்கள் பள்ளியின் கையெழுத்து இதழுக்கு நாளை நீங்களும் உணவைப் பற்றி எழுதக்கூடும். அதனைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் தம் வீட்டில் உலை வைப்பார். யாரோ ஒரு தாய் தன் குழந்தைக்கு ஊட்டுவாள். அவர்களை நினைத்து, எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் மூலத்தை ஒரு முறை சென்று காணுங்கள். ஒற்றைத் திருத்திவிட்டு எண்ணை விட்டுவிட்ட என் பிழை உங்களிடம் நேராதிருப்பதாக!