விளையாட்டுக்கு மாதச் சந்தா

மைதானத்திலே பந்தடிப்பதற்கு மாதச் சந்தா கேட்டவரை நாம் கண்டதில்லை. இணையத்திற் பலரோடு கூடி ஆடும் கணினி ஆட்டங்களோ வேறு வகையின. 2001ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தோன்றிய ‘ரூன்ஸ்கேப்’ ஆட்டத்தை இலவசமாகவும் ஆடலாம். ஆயின் 2002 முதல், மாதம் 5 டொலர் செலுத்தியோருக்கே அதன் முழு உலகமும் திறந்தது. 2004இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘வேள்ட் ஒவ் வோர்கிராப்ட்’ ஏறக்குறைய 15 டொலர் கேட்டது.

அந்நாடுகளின் சிறுவருக்குப் பணம் சேர்ப்பது அத்துணை அரிதன்று. அயலார் முற்றத்திற் புல் வெட்டினர். பிறந்தநாட் காசைச் செலவழியாது வைத்தனர். ஆனால் இணையத்தின் வாயிலில் அது செல்லாக் காசு! அங்கு கடனட்டை வேண்டும். அதுவோ தந்தையின் பையில் உறங்கியது. சேர்த்த காசைப் பெற்றோர் கையிற் கொடுத்துவிட்டு அட்டைக்காகக் காத்து நிற்க வேண்டும். வீட்டுப்பாடம் முடிந்ததா என்ற வினா எழுவது அப்பொழுதுதான். (ஆசிரியராகிய நாம் அவ்வினாவைக் குறை கூறோம்.) கடைகளில் 60 நாள் ஆட்டத்துக்குரிய முற்பண அட்டை விற்கப்பட்டபோது பலருக்கு அத்தொல்லை நீங்கிற்று.

2013இல் ரூன்ஸ்கேப்பும் 2015இல் வோர்கிராப்டும் மற்றொரு வழியைத் திறந்தன. வோர்கிராப்டிலே வசதியுள்ளவர் 20 டொலருக்கு ஒரு டோக்கன் வாங்கி விற்பார். காசில்லாச் சிறுவன் ஆட்டத்துள் ஈட்டிய பொன்னைக் கொடுத்து அதனைப் பெற்று, ஒரு மாதம் ஆடுவான். அப்பொன்னுக்காக மாலைதோறும் கற்பனை மலைகளிலே தாது அகழ்கிறான். அது விளையாட்டா, கூலிவேலையா? அவனைக் கேட்டால் விளையாட்டென்றே சொல்வான், மறுமாதத்துக்கு இன்னும் எவ்வளவு பொன் வேண்டுமென்று எண்ணியபடியே.