புது விண்டோஸுக்குக் காசு கொடுக்கும் முன்…

ஆரணிப் பட்டு எடுக்கும்போது முந்தியைப் பிரித்து, ஜரிகையைத் தடவிப் பார்த்த பிறகுதானே பணத்தை எடுக்கிறோம்? புடவைக்கு டிசைன் போடுகிற கம்ப்யூட்டருக்கும் அதே கண்டிப்பு வேண்டும், சகோதரிகளே!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. "புதுசு போடணும், இவ்வளவு ஆகும்" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டி விடாதீர்கள். ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்து, மிஷினும் தகுதியானதாக இருந்தால், 11-க்கு மாறுவது இலவசம். அவருக்குச் சேர வேண்டியது வேலைக்கூலிதான். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, ஓரளவு புதிய பிராசஸர், இவ்வளவும் வேண்டும். பழைய மிஷின்கள் பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் மாட்டிக்கொள்ளும்.

காசு கொடுத்து வாங்குவதானால் ஹோம், ப்ரோ என்று இரண்டு சொல்வார்கள். வீட்டுக்கு ஹோம் தாராளம். தேவைப்பட்டால் பிறகு மிச்சத்தைக் கட்டி ப்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருகிற விண்டோஸ் அந்த மிஷினோடு சரி. தனியாக வாங்கியதை அடுத்த மிஷினுக்குக் கொண்டு போகலாம். விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

தகுதியில்லாத மிஷினை உடனே எடைக்குப் போட வேண்டாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசம், தமிழிலும் உண்டு. ஆனால் உங்கள் டிசைன் சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதைப் போடுவதானாலும், டிசைன் ஃபைல்களையும் பாப்பாவின் போட்டோக்களையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்!